மூன்று மணி நேர வீடியோவை 2 ஜிபிக்குள் அடக்குவது எப்படி?

டெலிகிராம் இலவசக் கணக்கில் ஒரு ஃபைல் 2 ஜிபியைத் தாண்டக் கூடாது. பிரீமியத்தில் 4 ஜிபி. வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினாலும் 2 ஜிபிதான். ஆனால் மூன்று மணி நேர ஆண்டுவிழாவை 24 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 24 மெகாபிட்) எடுத்தால் ஃபைல் 30 ஜிபியைத் தாண்டிவிடும்.

யூடியூபுக்கு என்றால் இந்த வேலையே வேண்டாம். அங்கே வரம்பு 256 ஜிபி அல்லது 12 மணி நேரம், எது குறைவோ அது. 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ ஏறவில்லையா? முதலில் போன் எண்ணைச் சரிபார்த்துக் கணக்கை உறுதிசெய்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஒரிஜினலையே ஏற்றுங்கள். யூடியூப் எப்படியும் சுருக்கும். நாமும் சுருக்கினால் தரம் இரண்டு முறை அடிவாங்கும்.

முதலில் கணக்கு

ஃபைல் சைஸைத் தீர்மானிப்பது பிட்ரேட்டும் (ஒரு விநாடிக்கு எத்தனை பிட் என்பது) நேரமும் மட்டுமே. ரெசல்யூஷனைக் குறைத்து, பிட்ரேட்டை அப்படியே விட்டால் ஒரு எம்பிகூடக் குறையாது.

எம்பி × 8000 ÷ விநாடிகள் = கேபிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை கிலோபிட்)

2 ஜிபியை விளிம்புவரை நிரப்பாமல் 1900 எம்பி என்று வையுங்கள். மூன்று மணி நேரம் 10,800 விநாடி. 1900 × 8000 ÷ 10,800 = சுமார் 1407. இதில் ஆடியோவுக்கு 128 போக, வீடியோவுக்கு 1250 கொடுத்தால் கொஞ்சம் இடமும் மிஞ்சும். பலர் சறுக்குவது 8000-இல் உள்ள அந்த 8-இல்தான்: பிட்ரேட் பிட்டில், ஃபைல் சைஸ் பைட்டில்; ஒரு பைட் என்பது 8 பிட்.

பிறகு ஹேண்ட்பிரேக்

வீடியோவைச் சுருக்கும் கணினி மென்பொருள் இது. இலவசம், வாட்டர்மார்க் கிடையாது. "ஆன்லைனில் சுருக்கித் தருகிறோம்" என்னும் தளங்கள் வேண்டாம். 30 ஜிபியை அங்கே ஏற்றுவதற்குள் விடிந்துவிடும்.

1. வீடியோவைத் திறந்து ஃபாஸ்ட் 720பி30 பிரீசெட்டை (தயாராக இருக்கும் அமைப்பை) தேர்ந்தெடுங்கள். 1250-இல் 1080பி வைத்தால் நடனக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடையும்.
2. வீடியோ டேபில் கான்ஸ்டன்ட் குவாலிட்டி என்றிருப்பதை ஆவரேஜ் பிட்ரேட்டுக்கு மாற்றி 1250 கொடுங்கள். இதைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் வீண். கான்ஸ்டன்ட் குவாலிட்டி தரத்தைத்தான் காக்கும், சைஸைக் காக்காது. வெறும் பேச்சு 800 எம்பியில் முடியலாம், விளக்கு மின்னும் மேடை 4 ஜிபிக்குப் போகலாம்.
3. மல்டி-பாஸை டிக் செய்யுங்கள், வீடியோவை ஒரு முறைக்கு மேல் அலசும். பழைய பதிப்பில் 2-பாஸ் என்றிருக்கும். நேரம் கூடும், ஆனால் அசைவு அதிகமுள்ள இடங்களுக்குப் பிட்டுகளைச் சரியாகப் பங்கிடும்.
4. ஆடியோ டேபில் 128.
5. ரேஞ்சை செகண்ட்ஸாக மாற்றி, ஆட்டம் அதிகமுள்ள இரண்டு நிமிடத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஏறக்குறைய 20 எம்பி வரும். தரம் திருப்தி என்றால் முழுதாக ஓட விடுங்கள்.

திருப்தியில்லை என்றால் ஒரே ஃபைலில் பிட்ரேட்டைக் கூட்டாதீர்கள், 2 ஜிபியைத் தாண்டிவிடும். தரம் குறையாமல் வெட்டித் தரும் லாஸ்லெஸ்கட் மென்பொருளில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதிக்கும் 2600 கொடுங்கள். அது கீஃப்ரேமில்தான் (இடையிடையே முழுதாகப் பதியும் படத்தில்தான்) வெட்டும் என்பதால், வெட்டு குறித்த இடத்துக்குச் சற்று முன்பே விழக்கூடும்.

பின்சேர்க்கை: கேமராவே வீடியோவை 4 ஜிபி துண்டுகளாகத் தருகிறதா? ஃபேட்32 என்னும் முறையில் ஃபார்மட் செய்த கார்டில் ஒரு ஃபைல் அதற்குமேல் போக முடியாது. துண்டுகளை லாஸ்லெஸ்கட்டில் மெர்ஜ் செய்துவிட்டு, மொத்த நேரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். பென்டிரைவும் ஃபேட்32 என்றால், சேர்த்த ஃபைலை அதில் போடும்போதும் இதே வரம்பு குறுக்கே வரும். அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறைக்கு ஃபார்மட் செய்தால் தீரும், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.