திருகோணமலையில் வீடு விற்க நல்ல புரோக்கரைப் பிடிப்பது எப்படி

வீடு விற்கப் போகிறோம் என்று தேத்தண்ணிக் கடையில் வாய்விட்டால் போதும், பொழுதுபட முதலே இரண்டு மூன்று புரோக்கர்மார் கோல் எடுத்துவிடுவார்கள். ஆட்களுக்குப் பஞ்சமில்லை. யாரிடம் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

வரும் புரோக்கர் முதலில் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்கள்?" என்று தொடங்குபவரைவிட, "உறுதி யாற்ற பேர்ல இருக்கு? பிளான் எந்த வருசத்தது?" என்று கேட்பவருக்குத் தொழில் தெரியும். திருகோணமலையில் விற்பனை முறிவது பெரும்பாலும் விலையில் இல்லை, பத்திரத்தில்தான். உவர்மலையிலோ பட்டினத்துக்குள்ளோ உள்ள வீடு தனியார் உறுதியில் இருக்கலாம். கொஞ்சம் வெளியே போனால் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த பேர்மிட் (அனுமதிப்பத்திர) காணியாகவோ அளிப்புப் பத்திரக் காணியாகவோ இருக்கக்கூடும். பேர்மிட் காணியை விற்க முடியாது. அளிப்புக் காணியென்றால் பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதியை முன்கூட்டியே எடுக்க வேண்டும். "அதெல்லாம் பாத்துக்கொள்ளலாம் அண்ணை" என்று கடந்து போகிற புரோக்கரை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அவர் பார்த்துக்கொள்ளமாட்டார், நீங்கள்தான் முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும்.

உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம் என்றால் இன்னொரு கேள்வி போடுங்கள்: "கரையோர வலயத்துக்குள்ள வருதா?" சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை அந்த வலயம். அதற்குள் புதிதாகக் கட்டுவதற்கும் வீட்டை நீட்டுவதற்கும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படும். விடுதி கட்டும் எண்ணத்தோடு வருபவர் இதைக் கடைசியில் அறிந்தால் ஓடிவிடுவார். நல்ல புரோக்கர் முதல் நாளே சொல்லிவிடுவார்.

அடுத்தது விலை. பக்கத்துக் காணி ஒரு பேர்ச் எவ்வளவுக்குப் போனது என்று எல்லோரும் சொல்வார்கள். அது கேட்ட விலையா, உறுதியெழுதிய விலையா என்று திருப்பிக் கேளுங்கள். விளம்பரத்தில் போடும் விலையும் கையெழுத்து வைக்கும் விலையும் ஒன்றல்ல. சந்தேகமென்றால் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவருக்குக் காசு கொடுத்து அறிக்கை எடுங்கள். மூன்று பேரில் அதிக விலை சொன்னவருக்கே வீட்டைக் கொடுப்பதுதான் வழமையான பிழை. அந்த விலைக்கு ஆள் வராது. இரண்டு மாதம் கழித்து அவரே வந்து குறைக்கச் சொல்வார், அதற்குள் "அந்த வீட்டில ஏதோ பிரச்சினையாம்" என்று ஊருக்குள் பேச்சுக் கிளம்பியிருக்கும்.

"உங்களுக்குக் கையில எவ்வளவு வேணும்? மேல வாறதை நான் பாத்துக்கொள்ளுறன்." இந்தப் பேச்சுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். நீங்கள் 1 கோடி 50 இலட்சம் என்கிறீர்கள், அவர் 1 கோடி 75 இலட்சத்துக்கு ஆள் பிடிக்கிறார் என்று வையுங்கள். இடையில் உள்ள 25 இலட்சமும் அவருக்கு. பரவலாக வாங்கும் 3 வீதக் கொமிஷன் என்றால் 5 இலட்சத்து 25 ஆயிரம்தான் வந்திருக்கும். காசு போவது ஒரு பக்கம். நொத்தாரிசு உறுதியை வாசிக்கும் மேசையில்தான் உண்மையான குழப்பம் தொடங்கும். 1 கோடி 75 என்று எழுதினால் உங்கள் கைக்கு வராத காசுக்கும் நீங்கள் கணக்குக் காட்ட வேண்டும். 1 கோடி 50 என்று எழுதினால் வாங்குபவரின் வங்கிக் கடன் இடறும். வாங்குபவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார், நீங்கள் புரோக்கரின் முகத்தைப் பார்ப்பீர்கள்.

ஆகவே கொமிஷனை வீதத்தில் பேசி, எழுத்தில் வையுங்கள். ஒரு பக்கம் போதும். எத்தனை வீதம், எப்போது கொடுப்பது (முற்பணத்தன்று அல்ல, உறுதி எழுதும் அன்று), விளம்பரச் செலவு யாருடையது, வாங்குபவரிடமும் அவர் காசு எடுக்கிறாரா என்பவை அதில் இருக்கட்டும். வேறு புரோக்கரிடம் கொடுக்காமல் தனக்கு மட்டும் தரச் சொல்லிக் கேட்டால் 3 மாதத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். அவர் கூட்டிவந்து காட்டியவர்களின் பெயரும் திகதியும் ஒரு கொப்பியில் ஏறட்டும். காலம் முடிந்தபின் அவர்களில் ஒருவர் வாங்கினால் கொமிஷன் உண்டா என்பதையும் இப்போதே எழுதுங்கள். பின்னால் வரும் சண்டையில் பாதி இதில்தான்.

நாலு புரோக்கரிடம் கொடுத்தால் கெதியாக விற்கும் என்பது வெறும் நம்பிக்கை. இக்மன் விளம்பர இணையத்தளத்தில் ஒரே வீடு நாலு விலையில் கிடக்கும், வாங்க வருபவர் ஆகக் குறைந்த விலையில் இருந்து பேரம் தொடங்குவார். ஒருவர், மிஞ்சினால் இருவர் போதும். அவருக்குச் சிங்களமும் தமிழும் சரளமாக வருமா என்றும் பாருங்கள், இந்த ஊரில் வாங்குபவர் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம்.

வெளிநாட்டிலிருந்து ஆள் இருக்கிறது என்று சொன்னால், அவருடைய குடியுரிமை என்னவென்று கேட்கச் சொல்லுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜையின் பெயருக்குக் காணியை எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடையில்லை. கனடாப் பாஸ்போர்ட் மட்டும் உள்ள மச்சானுக்காக மூன்று மாதம் வீட்டைப் பூட்டி வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

முற்பணம் புரோக்கரின் கைக்குப் போகக்கூடாது. வங்கி மூலம் நேரே உங்கள் கணக்குக்கு வரட்டும். வெறுந்தாளில் முத்திரை ஒட்டி எழுதும் ஒப்பந்தத்தை நம்பாதீர்கள். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனைக்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். புரோக்கருக்கு அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரம்) கொடுப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். நீங்கள் லண்டனில் இருந்தால் உறவுக்காரர் ஒருவருக்கோ உங்கள் சட்டத்தரணிக்கோ கொடுங்கள்.

முத்திரை வரி வாங்குபவர் பக்கம்: வழமையாக முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 1 கோடி 75 இலட்சத்துக்கு அது கிட்டத்தட்ட 7 இலட்சம். இதைப் புரோக்கர் முதலிலேயே சொல்லாவிட்டால், கடைசி நாளில் அந்த 7 இலட்சத்தை உங்கள் விலையில்தான் வெட்டப் பார்ப்பார்கள்.

கொமிஷன் கொடுத்ததும் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொகை எழுதிய பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். விற்பதற்கு முந்திய 3 ஆண்டும் உங்களுக்குச் சொந்தமாக இருந்து, அதில் 2 ஆண்டாவது நீங்கள் குடியிருந்த பிரதான வீடென்றால் மூலதன ஆதாய வரி இல்லை. வாடகைக்கு விட்ட வீடென்றால் வரிக் கணக்கில் இந்தச் செலவைக் கழிக்க அந்தச் சீட்டுத்தான் கேட்கப்படும்.