போலோ ஜிடி டிஎஸ்ஐ: சஸ்பென்ஷனில் எதற்குக் காசு போடலாம், எதை விட்டுவிடலாம்

ஃபோக்ஸ்வாகன் போலோ காரின் ஜிடி டிஎஸ்ஐ மாடலை வாங்கியவர்கள் முதலில் கேட்பது "எந்த லோயரிங் ஸ்பிரிங் நல்லது?" என்றுதான், அதாவது வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன், பணம் போனதுதான் மிச்சம்.

முதலில் இருப்பதைச் சரிசெய்யுங்கள். போலோ இந்தியாவில் நின்றுபோனதே 2022-ல், அதனால் எந்த வண்டியை எடுத்தாலும் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடிக்கும் ஸ்ட்ரட் மவுன்ட் எல்லாம் பள்ளத்தில் நிறைய அடி வாங்கியிருக்கும். ஸ்டியரிங் மந்தமாக இருக்கிறது என்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம். புது புஷ் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வண்டி லிஃப்டில் தொங்கும்போது போல்ட்டை இறுதியாக முறுக்கக் கூடாது, சக்கரத்தில் பாரம் இறங்கிய பிறகுதான் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். எனக்கு ஆறே மாதத்தில் கிழிந்தது, மெக்கானிக்கைக் கேட்டால் "ரோடு அப்படி சார்" என்றார்.

அடுத்தது டயர். மிச்ச பட்ஜெட் முழுவதையும் இதில் போட்டாலும் தப்பில்லை. 15 அங்குல வீலில் 185/60-க்குப் பதில் (முதல் எண் டயரின் அகலம் மி.மீ.-ல், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது) 195/55 போட்டால் விட்டம் சுமார் 1 சதவீதம் குறையும், 195/60 என்றால் 2 சதவீதம் கூடும், ஸ்பீடோமீட்டர் பெரிதாக ஏமாற்றாது. அப்புறம் வீல் அலைன்மென்ட். முன்னால் டோவை, அதாவது சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் கோணத்தைச் சரிசெய்யலாம், பின்னால் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ட்விஸ்ட் பீம் என்பதால் திருகிச் சரிசெய்ய எதுவும் கிடையாது. "நாலு வீலும் செட் பண்ணிட்டோம்" என்று பில் வந்தால் என்ன செட் பண்ணினார்கள் என்று கேளுங்கள்.

இதற்குப் பிறகும் வண்டி அலைந்தால் ஷாக் அப்சார்பருக்கு வாருங்கள். ஒரிஜினல் உயரத்திலேயே ஓட்டுபவர்களுக்கு பில்ஸ்டீன் பி6 மாதிரி ஒன்று போதும், பி8 என்பது தாழ்த்திய ஸ்பிரிங்குக்காக நீளம் குறைத்துச் செய்தது, இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

சரி, லோயரிங். முன்னால் இருப்பது மக்ஃபர்சன் ஸ்ட்ரட், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு. கொஞ்சம் இறக்கினால் பரவாயில்லை, ஆனால் லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போகிற அளவுக்கு இறக்கினால் வளைவில் வண்டி சாயும்போது கிடைக்க வேண்டிய நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) கிடைக்காது, வண்டி எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டரும் வண்டியின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். அதாவது தாழ்த்திய வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும்! அதை மறைக்க இன்னும் கடினமான ஸ்பிரிங், அப்புறம் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடி. பார்க்க அழகு, ஒத்துக்கொள்கிறேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், அதுவும் நடுவில் தார் பெயர்ந்த இடத்தில், சக்கரம் தரையைத் தொடாமல் துள்ளினால் அந்த அழகை வைத்து என்ன செய்வது?

முன் சக்கரம் வளைவில் வெளியே இழுத்துக்கொண்டே போவதுதான் உங்கள் குறை என்றால், பின் பீமில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஒரு கூடுதல் ஸ்டெபிலைசர் பார் (கம்பி) போட்டால் நன்றாகவே தெரியும், ஆனால் மழையில் வளைவுக்கு நடுவே ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் சுழலப் பார்க்கும், பழகும்வரை நிதானம். இரண்டு ஸ்ட்ரட்டின் மேல்முனைகளையும் இணைக்கும் ஸ்ட்ரட் பிரேஸ் கம்பி பானெட்டைத் திறந்து காட்டத்தான் உதவும், தெருவில் ஓட்டுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

எதைப் போட்டாலும் ஒவ்வொன்றாகப் போடுங்கள், அதே ரோடு, அதே டயர் பிரஷரில் ஓட்டிப் பாருங்கள். மூன்றை ஒரே நாளில் மாட்டிவிட்டு எது பிடிக்கவில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள்.