துணை சர்வீஸ் விழுந்தால் டேட்டாபேஸ் நோடு மாறாமல் இருக்க: விண்டோஸ் கிளஸ்டர் ரிக்கவரி அமைப்பு

விண்டோஸ் ஃபெயிலோவர் கிளஸ்டர் என்பது ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று வேலையை ஏற்கும் சர்வர் கூட்டம்; ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு. அதில் ஒரு ரோலுக்குள் (ஒன்றாக இயங்கும் ரிசோர்ஸ்களின் தொகுப்பு) இருப்பவை எல்லாம் சேர்ந்தேதான் நோடு மாறும். எஸ்கியூஎல் சர்வர் (டேட்டாபேஸ்) ரோலில் ரிப்போர்ட் அனுப்பும் சின்ன சர்வீஸ் ஒன்றை ஜெனரிக் சர்வீஸாக (கிளஸ்டர் கண்காணிக்கும் சாதாரண விண்டோஸ் சர்வீஸ்) சேர்த்து, ரீஸ்டார்ட் பாலிசியைத் தொடாமல் விட்டால், 15 நிமிடத்துக்குள் அது இரண்டாவது முறை விழும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸையும் இழுத்துக்கொண்டு போகும். யூசர்களின் கனெக்‌ஷன் மொத்தமும் அறுந்துவிடும்.

முதலில், ஃபெயிலோவர் கிளஸ்டர் மேனேஜரில் ஒவ்வொரு ரிசோர்ஸின் ப்ராப்பர்ட்டீஸிலும் உள்ள டிபென்டென்சீஸ் டேப் (எது எதைச் சார்ந்தது என்று சொல்லும் இடம்). நெட்வொர்க் நேம் ஐபி முகவரியைச் சார்ந்திருக்க வேண்டும். எஸ்கியூஎல் சர்வர் நெட்வொர்க் நேமையும் டிஸ்க்குகளையும். ஏஜென்ட்டும் (நேரம் குறித்த வேலைகளை ஓட்டும் எஸ்கியூஎல் சர்வர் ஏஜென்ட்) உங்கள் துணை சர்வீஸும் எஸ்கியூஎல் சர்வரை. அடியில் இருப்பது விழுந்தால் அதை நம்பியிருப்பவை ஆஃப்லைன் ஆகி, அது எழுந்த பிறகு வரிசையாக எழும். பலர் தவறவிடுவது பின்னால் சேர்த்த டிஸ்க்கை. டிபென்டென்சி இல்லாத டிஸ்க்கில் டேட்டாபேஸ் ஃபைல் உருவாக்க எஸ்கியூஎல் சர்வர் மறுத்துவிடும். நோடுகள் இரண்டு சப்நெட்டில் (நெட்வொர்க்கின் தனித்தனிப் பகுதிகள்) இருந்தால் ஐபிகளுக்கிடையே 'ஆர்' போடுங்கள். 'ஆண்ட்' என்று இருந்தால் நெட்வொர்க் நேம் ஆன்லைனுக்கே வராது.

அடுத்து, சர்வீசஸ் கன்சோலில் அந்தத் துணை சர்வீஸின் ஸ்டார்ட்டப் டைப்பை மேனுவல் ஆக்கி, ரிக்கவரி டேபில் மூன்று இடத்திலும் 'டேக் நோ ஆக்‌ஷன்' வையுங்கள். எல்லா நோடுகளிலும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் ஒரு பக்கமும் கிளஸ்டர் ஒரு பக்கமும் அதே சர்வீஸை எழுப்பப் பார்க்கும்.

இப்போது அந்த ரிசோர்ஸின் பாலிசீஸ் டேப். இயல்பாக 15 நிமிடத்துக்கு 1 ரீஸ்டார்ட்தான் இருக்கும். துணை சர்வீஸுக்கு அதை 3 ஆக்கி, இடைவெளியை அரை விநாடியிலிருந்து 10 விநாடிக்கு உயர்த்துங்கள். ரீஸ்டார்ட் பலிக்காவிட்டால் ரோல் முழுவதையும் மாற்றச் சொல்லும் டிக்கை எடுத்துவிடுங்கள். இந்த அமைப்பில் முக்கியமான கிளிக் இதுதான். எஸ்கியூஎல் சர்வரிலும் அது சார்ந்திருக்கும் டிஸ்க், நெட்வொர்க் நேம், ஐபி ரிசோர்ஸ்களிலும் அந்த டிக் இருக்கட்டும். டிக் எடுத்த ரிசோர்ஸ் விழுந்தே கிடக்கும்; மறு முயற்சி 1 மணி நேரம் கழித்துத்தான். அதை 20 நிமிடமாகக் குறைக்கலாம்.

அதே டேபில் பெண்டிங் டைம்அவுட் (ரிசோர்ஸ் எழ கிளஸ்டர் காத்திருக்கும் நேரம்) இயல்பாக 3 நிமிடம். சர்வீஸ் எழவே 4 நிமிடம் ஆகும் என்றால், எழுந்துகொண்டிருக்கும்போதே கிளஸ்டர் அதைத் தோல்வி என்று முடிவுகட்டிவிடும். எழ ஆகும் நேரத்தை அளந்து, அதைப் போல இரண்டு மடங்கு கொடுங்கள்.

ஒரு குறை உண்டு: ஜெனரிக் சர்வீஸ் என்பது சர்வீஸ் ஓடுகிறதா என்று மட்டுமே பார்க்கும். ஹேங் ஆகி நிற்கும் சர்வீஸும் அதன் கண்ணுக்கு நலமாகவே தெரியும். வேலை உண்மையில் நடக்கிறதா என்று சோதிக்க ஜெனரிக் ஸ்கிரிப்ட் (கிளஸ்டர் அவ்வப்போது ஓட்டிப் பார்க்கும் ஸ்கிரிப்ட்) எழுதத்தான் வேண்டும்.

சோதனைக்கு, ரிசோர்ஸை ரைட் கிளிக் செய்து மோர் ஆக்‌ஷன்ஸில் 'சிமுலேட் ஃபெயிலியர்' கொடுங்கள். துணை சர்வீஸுக்கு நாலு முறை கொடுத்தும் ரோல் அதே நோடில் நிற்க வேண்டும். எஸ்கியூஎல் சர்வரைச் சோதிக்கும்போது கவனம்: ஃபெயிலோவர் வரம்பு இயல்பாக நோடுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு, 6 மணி நேரத்துக்கு. இரண்டு நோடு கிளஸ்டரில் ஒரு முறை மாறிய பிறகு அந்த நேரத்துக்குள் மறுபடி மாற வேண்டி வந்தால் ரோல் 'ஃபெயில்டு' என்று அங்கேயே நின்றுவிடும். உடனே எழ வேண்டுமானால் கையால்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சோதனை நேரத்தில் மட்டும் ரோலின் ஃபெயிலோவர் டேபில் அந்த வரம்பை உயர்த்தி, முடிந்ததும் பழைய எண்ணுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.