அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு வழக்குகள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதிரி நீதிமன்றப் போட்டிகளுக்குத் தயாராகும் சட்ட மாணவர்களின் வரைவுகள் ஒவ்வொரு பருவத்திலும் என்னிடம் வரும். ஆண்டு மாறிப் போவது, வழக்கின் பெயரில் எழுத்து தவறுவது எல்லாம் இரண்டாவது வாசிப்பில் சரியாகிவிடும், அதை விடுங்கள். அமெரிக்க அதிபர், ராணுவம், ரகசியம் என்று வந்ததும் புதிதாக எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகள் வேறு வகை. என் தலைமுறையும் அதையேதான் செய்தது.

நீதிபதிகள் படிக்காததைப் படித்ததாக எழுதுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். "ரெனால்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரகசிய அறிக்கையை ஆராய்ந்து, அதை வெளியிட்டால் நாட்டுக்கு ஆபத்து என்று முடிவு செய்தது." இந்த வாக்கியத்தை எத்தனை வரைவுகளில் அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆராயவில்லை. அந்த அறிக்கையை எந்த நீதிபதியும் கண்ணால் பார்க்கவில்லை!

நடந்தது இது. 1948 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்தின் வேக்ராஸ் அருகே ஒரு பி-29 விமானம் தீப்பிடித்து விழுந்து 9 பேர் இறந்தார்கள். ரகசிய மின்னணுக் கருவிகளைச் சோதிக்கக் கிளம்பிய விமானம் அது. இறந்தவர்களில் மூன்று பேர் ராணுவத்தைச் சேராதவர்கள். அவர்களுடைய மனைவிமார் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டு, விபத்து விசாரணை அறிக்கையைக் கொடுங்கள் என்றார்கள். விமானப்படை மறுத்தது. சரி, என்னிடம் மட்டும் காட்டுங்கள், தனி அறையில் படித்துப் பார்க்கிறேன் என்றார் மாவட்ட நீதிபதி. அதற்கும் மறுப்பு. அப்படியானால் அலட்சியம் நிரூபணமானதாகவே கொள்கிறேன் என்று அவர் மனைவிமார் பக்கம் தீர்ப்பளித்தார், மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 1953-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதைப் புரட்டிப் போட்டது. அறிக்கையை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை விமானப்படைச் செயலர் முறைப்படி கோரியிருக்கிறார், விமானம் ரகசியப் பணியில் இருந்திருக்கிறது, இந்தச் சூழ்நிலையே போதும், ஆபத்துக்கு நியாயமான வாய்ப்பு தெரிகிறபோது நீதிபதிகூட ஆவணத்தைத் திறந்து பார்க்க வற்புறுத்தக் கூடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

மாணவர்கள் ஏமாறுவதற்குக் காரணமும் அதே தீர்ப்பில் இருக்கிறது. சாட்சியங்கள் மீதான நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டை நிர்வாகத்தின் மனம்போன போக்குக்கு விட்டுவிட முடியாது என்று தலைமை நீதிபதி வின்சன் ஓரிடத்தில் கம்பீரமாக எழுதியிருக்கிறார். அந்த வரியை மேற்கோள் காட்டிவிட்டு, கீழே என்ன நடந்தது என்று படிக்காமலே நிறுத்திவிடுகிறார்கள்.

விலை? ஒரு போட்டியில் நன்றாக வாதாடிக்கொண்டிருந்த பெண்ணிடம் நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்த நீதிபதி அந்த அறிக்கையைப் படித்தாரம்மா?" அவ்வளவுதான், மிச்ச நிமிடங்கள் எல்லாம் அதைச் சமாளிப்பதிலேயே போயின. அந்த வரைவிலும் நான் சிவப்பு மையில் குறித்திருந்தேன், குழு அதைச் சின்னத் திருத்தம் என்று நினைத்துவிட்டது.

பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ரகசியம் நீக்கப்பட்ட அந்த அறிக்கை, விபத்தில் இறந்த ஒருவரின் மகள் கண்ணில் 2000-இல் இணையத்தில் பட்டது. இயந்திரத்துக்கு வெப்பத் தடுப்பு பொருத்தும்படி வந்த உத்தரவு நிறைவேற்றப்படாமல் இருந்ததை அது சொன்னது. ரகசியக் கருவிகளின் விவரம் அதில் இல்லை. குடும்பங்கள் மறுபடி நீதிமன்றம் போனார்கள்; 2005-இல் மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், விமானத்தின் செயல்பாடு பற்றிய தகவலும் அன்றைக்கு முக்கியமானதாக இருந்திருக்கலாம் என்று பழைய தீர்ப்பைத் திறக்க மறுத்துவிட்டது. இதையும் சேர்த்தே எழுதுங்கள், பாதிக் கதை வேண்டாம்.

இது ஒரு வழக்கோடு முடிகிற பிரச்சினையும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை வெளியேற்றிய உத்தரவை மீறித் தண்டனை பெற்ற கொரெமட்சுவின் வழக்கில், அவர்களால் ஆபத்து என்று அரசு சொன்னதை 1944-இல் நீதிமன்றம் ஏற்றது. அதற்கு எதிரான கடற்படை உளவு அறிக்கையை அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்திடம் சொல்லவில்லை என்று 2011-இல் நீதித்துறையின் சார்பில் அன்றைய தற்காலிக அரசுத் தலைமை வழக்கறிஞர் நீல் கத்யாலே ஒப்புக்கொண்டார். அரசின் ஒட்டுக்கேட்புச் சட்டத்தை எதிர்த்த கிளாப்பர் வழக்கில், 2013-இல், வாரன்ட் இல்லாத ஒட்டுக்கேட்பில் கிடைத்த சாட்சியத்தைப் பயன்படுத்தினால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அறிவிப்போம் என்றது அரசு. நடைமுறை அப்படி இல்லை என்பது அதே ஆண்டு வெளியே வந்தது. ஆகவே "நீதிமன்றம் கண்டறிந்தது" என்று எழுதும் முன், அது பிரமாணப் பத்திரத்தில் இருந்து வந்ததா, யாராவது அதைச் சோதித்தார்களா என்று தேடுங்கள்.

"கொரெமட்சு 1983-இல் ரத்தானது"

ரத்தானது அவருடைய தண்டனை. தீர்ப்பு ரத்தாகவில்லை. அது சொல்லப்பட்ட அன்றே தவறு என்று உச்ச நீதிமன்றம் எழுதியது 2018-இல், அதுவும் டிரம்ப்பின் பயணத் தடையை அனுமதித்த தீர்ப்பில்! இந்த முரணை விட்டுவிட்டு எழுதினால் வரைவு சப்பென்று இருக்கும்.

ஜாக்சனைப் பெரும்பான்மை ஆக்குவது

1952, கொரியப் போர், எஃகு ஆலைகளை அதிபர் ட்ரூமன் கையகப்படுத்திய வழக்கு. நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிளாக். நாடாளுமன்றம் ஆதரிக்கிறதா, மௌனமா, எதிர்க்கிறதா என்பதைப் பொறுத்து அதிபரின் அதிகாரத்தைப் பிரிக்கும், எல்லோரும் மனப்பாடம் செய்யும் மூன்று வகைப் பகுப்பு, உடன்பட்ட நீதிபதி ஜாக்சனின் தனிக் கருத்து. பிற்கால வழக்குகள் அதைத்தான் அதிகம் எடுத்தாண்டன என்பது உண்மை, ஆனால் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

பென்டகன் ஆவணங்கள்

வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்கள் இவை. 1971-இல் நீதிமன்றம் மறுத்தது முன்தடையை, அதாவது பத்திரிகை அச்சிடும் முன்பே தடுப்பதை மட்டும். அச்சிட்ட பிறகு வழக்கே போட முடியாது என்று அது சொல்லவில்லை.

பூமதியேன் விடுதலைத் தீர்ப்பு அல்ல

கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோவின் கைதி ஆட்கொணர்வு மனு போடலாம் என்றது உச்ச நீதிமன்றம், 2008-இல், 5-4. அவ்வளவே.

ஹம்தி, ஹம்தான்

அமெரிக்க ராணுவம் பிடித்து வைத்திருந்த, தனித்தனியாக வழக்குப் போட்ட இரண்டு வேறு ஆட்கள். முதலாமவர் அமெரிக்கக் குடிமகன், 2004. மற்றவர் ஏமன்காரர், பின்லாடனின் டிரைவர், 2006. கலக்காதீர்கள்.