ஊழல் எவ்வளவுன்னு "நினைக்கிறாங்க"? அதை அளந்து காரணம் தேடறது எப்படி (புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு)

அரசுத் துறையில ஊழல் எவ்வளவுன்னு நேரா அளக்கறது ரொம்ப கஷ்டம், லஞ்சம் வாங்கினவனும் சொல்ல மாட்டான், குடுத்தவனும் சொல்ல மாட்டான். அதனாலதான் "எவ்வளவு இருக்கும்னு நினைக்கிறீங்க"ன்னு கேட்டு அந்த எண்ணத்தை நம்பரா மாத்தறாங்க. எண்ணம் வேற, நடப்பு வேற, இதை கடைசி வரைக்கும் மறக்காதீங்க.

ஸ்டெப் 1: டேட்டா

டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல்ங்கற ஊழல் எதிர்ப்பு அமைப்பு 1995-லேர்ந்து வெளியிடற ஊழல் உணர்வுக் குறியீட்டை டவுன்லோட் பண்ணுங்க. 0-ன்னா ஊழல் ரொம்ப ஜாஸ்தி, 100-ன்னா சுத்தம். 2024-ல டென்மார்க் 90, தெற்கு சூடான் 8. பொதுமக்கள்கிட்ட கேட்ட நம்பர் இல்ல இது, நிபுணர்களும் தொழில் பண்றவங்களும் குடுத்த மதிப்பீடு, ஒரு நாட்டுக்கு குறைஞ்சது மூணு சோர்ஸ் இருந்தாதான் ஸ்கோரே வரும். 2012-க்கு முன்னாடி 0–10 ஸ்கேல், கணக்கு போடற முறையும் வேற, அதனால பழசை பத்தால பெருக்கி ஒரே கோடா வரையாதீங்க ப்ளீஸ்.

ஸ்டெப் 2: ஸ்டாண்டர்ட் எரர்

ஸ்கோர் எவ்வளவு முன்னபின்ன இருக்கலாம்னு சொல்ற நம்பர் இது. அதே ஃபைல்ல இந்த பேர்ல ஒரு பத்தி (column) இருக்கும், பாதி பேர் பாக்கறதே இல்ல. ரெண்டு பாயின்ட் இறங்கினா "ஊழல் கூடிடுச்சு"ன்னு நியூஸ் வரும், ஆனா எரர் அதைவிட பெருசா இருந்தா அந்த இறக்கத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

ஸ்டெப் 3: காரணிகள்

தனிநபர் வருமானம் (லாக், அதாவது மடக்கை, எடுத்துக்கோங்க), பத்திரிகை சுதந்திரம், அரசு ஊழியர் சம்பளம், எத்தனை வருஷமா ஜனநாயகம் இருக்கு, இதெல்லாம் வழக்கமா எடுக்கறது. அரசியல் ஆய்வாளர் டேனியல் ட்ரைஸ்மன் 2000-ல பண்ண ஆய்வுல இப்போ ஜனநாயகமா இருக்கறது பெருசா வித்தியாசம் காட்டல, ரொம்ப காலமா தொடர்ந்து இருக்கறதுதான் காட்டுச்சு. டேபிளை சேர்க்கும்போது நாட்டு பேரை வச்சு சேர்க்காதீங்க, ஒண்ணுல தென் கொரியான்னு இருக்கும் இன்னொண்ணுல கொரியா குடியரசுன்னு இருக்கும், சத்தமே இல்லாம அந்த வரி காணாம போயிடும். மூணெழுத்து நாட்டு கோட் போதும்.

ஸ்டெப் 4: ரெக்ரஷன்

முதல்ல ஸ்கேட்டர் படம் (ஒவ்வொரு நாடும் ஒரு புள்ளி), அப்பறம் ரெக்ரஷன், அதாவது ஒரு காரணி மாறினா ஸ்கோர் எவ்வளவு மாறுதுன்னு கோடு பொருத்திப் பாக்கறது. ஸ்கோர் கூடினா ஊழல் குறைவுன்னு அர்த்தம், அதனால ப்ளஸ் மைனஸை மாத்திப் படிச்சிடுவீங்க, 100-லேர்ந்து ஸ்கோரை கழிச்சு வச்சுக்கிட்டா நிம்மதி. பணக்கார நாடுங்கறதால ஊழல் குறைவா, ஊழல் குறைவுங்கறதால பணம் சேர்ந்துதா? இந்த படத்தை வச்சு அதை சொல்ல முடியாது. பத்திரிகை சுதந்திரத்துல இன்னொரு சிக்கல், செய்தி நிறைய வர்ற இடத்துல, நடக்கறது அதே அளவா இருந்தாலும், எண்ணம் மட்டும் ஏறலாம்.

ஸ்டெப் 5: அனுபவத்தை தனியா கேளுங்க

எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். பொருளாதார ஆய்வாளர் பெஞ்சமின் ஓல்கன் இந்தோனேசியாவுல கிராம ரோடுகளை தோண்டி சாம்பிள் எடுத்து, உண்மையிலயே எவ்வளவு பொருள் போட்டிருக்காங்கன்னு கணக்குப் போட்டு, ஊர் ஜனங்க நினைச்சதோட ஒப்பிட்டார். விலையை கூட்டி எழுதினா ஜனங்களுக்கு தெரிஞ்சுது, ஜல்லி மணல் அளவை கூட்டி எழுதினா தெரியல. திருட்டும் பெரும்பாலும் பொருள் அளவை கூட்டி எழுதிதான் நடந்திருந்துது!

அதனால நீங்க சொந்தமா சர்வே எடுத்தா "ஊழல் ஜாஸ்தியா?"ன்னு மட்டும் கேக்காதீங்க, "கடந்த 12 மாசத்துல இந்த ஆபீசுக்கு போனீங்களா, போனப்போ பணம் கேட்டாங்களா"ன்னும் கேளுங்க. போகாதவங்களை அந்த கணக்குலேர்ந்து எடுத்துடணும். ஃபார்ம்ல பாதிக்கு அனுபவக் கேள்வி முதல்ல, மீதிக்கு எண்ணக் கேள்வி முதல்லன்னு மாத்தி அடிங்க, வரிசை பதிலை எவ்வளவு இழுக்குதுன்னு அப்போதான் தெரியும்.