திரும்பத் திரும்ப அடிபட்டும் எம்டிபி ரேஸ் ஓட்டலாமா, விட்டுடலாமா: முடிவு பண்றது எப்படி

வடசென்னையில தண்டையார்பேட்டையில ஆரம்பிச்சு எண்ணூர் வரைக்கும் தேடினாலும் ஒரு மேடு கிடையாது, நமக்கு ஏத்தம்னா பெரம்பூர் மேம்பாலம், எறக்கம்னா அதே மேம்பாலத்தோட மறுபக்கம், அவ்ளோதான். அப்படி இருந்தும் இங்க இருந்து நைட் பஸ் ஏறிப் போயி மலையில மவுன்டன் பைக் (எம்டிபி, அதாவது மலைப்பாதை சைக்கிள்) ரேஸ் ஓட்டுற பசங்க இருக்காங்க, ஒண்ணு ரெண்டு பொண்ணுங்களும் இருக்காங்க. வண்டிய ரெடி பண்ண என்கிட்ட குடுத்துட்டு, கையில மாவுக்கட்டோட ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு "அண்ணா, அடுத்த சீசன் ஓட்டலாமா வேணாமா"ன்னு கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன். நான் டாக்டர் இல்ல, மெக்கானிக். எலும்பு விஷயத்துல கடைசி வார்த்தை டாக்டரோடதுதான்.

முதல்ல ஒண்ணு. கட்டு போட்டிருக்கும்போது முடிவு எடுக்காத. வலியில "இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்"ம்ப, கட்டு பிரிச்ச அன்னைக்கு "அடுத்த மாசமே ரேஸ்"ம்ப, ரெண்டுமே நம்பக்கூடாத பேச்சு. டாக்டர் ஓட்டலாம்னு சொன்னப்புறம் ஒரு ரெண்டு மாசம் சும்மா ஓட்டு, அப்புறம் யோசி. அதுவரைக்கும் "சீக்கிரம் கட்டினா கம்மி"ன்னு வர்ற என்ட்ரி ஃபீஸ் ஆஃபர் எதுலயும் காசு கட்டாத. காசு கட்டிட்டா அந்தக் காசுக்காகவே போயி நிப்ப, எத்தனை பேரைப் பாத்திருக்கேன்.

அடுத்தது, எத்தனை தடவ அடிபட்டுதுங்கற கணக்கை விடு, எங்க அடிபட்டுதுன்னு பாரு. காலர்போன் (கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இருக்கற எலும்பு) உடையறது சைக்கிள்காரனுக்கு சகஜம், பெரியவங்களுக்கு பொதுவா 6ல இருந்து 12 வாரத்துல கூடிடும். ஆனா ஆபரேஷன் பண்ணி உள்ள உலோக பிளேட் வெச்சிருந்தா கவனம், மறுபடி அதே தோள்ல விழுந்தா பிளேட் வளையலாம், இல்ல பிளேட் முடியற ஓரத்துல எலும்பு உடையலாம். பிளேட்டை எடுத்துட்டாலும் ஸ்க்ரூ இருந்த ஓட்டை அடையற வரைக்கும் அந்த இடம் வீக்குதான். தோள்பட்டை கழண்டு போறது வேற கதை. சின்ன வயசுல ஒரு தடவ கழண்டா மறுபடி கழள்ற சான்ஸ் அதிகம், ரெண்டு மூணு தடவ ஆயிடுச்சுன்னா நீ பயிற்சி பண்ணி மட்டும் சமாளிக்க முடியாது, ஆபரேஷன் வேணுமான்னு கேட்டுட்டுதான் ரேஸ் பத்தியே பேசணும். முட்டிக்குள்ள எலும்புகளைப் பிடிச்சு வெக்கற ஏசிஎல்ங்கற தசைநார் கிழிஞ்சு ஆபரேஷன் ஆச்சுன்னா குறைஞ்சது 9 மாசம் ரேஸை மறந்துடு.

மணிக்கட்டு. இதுதான் நம்ம ஏரியாவுல ரொம்பப் பேரு கோட்டை விடுற இடம். கட்டைவிரலை விரிச்சா மணிக்கட்டுக்கிட்ட ஒரு குழி விழும் பாரு, விழுந்தப்புறம் அங்க அமுக்கினா வலிச்சா, அது ஸ்காஃபாய்டுங்கற குட்டி எலும்பா இருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேல தெரியாமலே போகும், "ஒண்ணும் இல்ல, சுளுக்கு"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. வலி நிக்கலைன்னா 10லேருந்து 14 நாள் கழிச்சு திரும்ப எக்ஸ்ரே, இல்லன்னா எம்ஆர்ஐ எடுக்கணும். அந்த எலும்புக்கு ரத்தம் ஒரு பக்கத்துல இருந்துதான் ஓடுது, சரியா கூடலைன்னா மறுபக்கம் செத்துப் போயி வாழ்நாள் பூரா மணிக்கட்டு வலிதான். புத்தூர் கட்டு கட்டினாப் போதும்னு பாட்டி சொல்லும், பாட்டி மேல மரியாதை வெச்சுக்கோ, ஆனா இந்த எலும்புக்கு கட்டு கட்டிட்டு சும்மா இருந்துடாத. பக்கத்துலயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கு, அங்க கைக்குன்னே தனி ஆபரேஷன் பிரிவு இருக்கு, 2018ல கை மாற்று ஆபரேஷனே பண்ண இடம், அதை விட்டுட்டு எங்கெங்கயோ அலையறாங்க.

தலை. இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது. விழுந்து கொஞ்ச நேரம் என்ன நடந்துச்சுன்னே ஞாபகம் இல்ல, தலை சுத்துது, வெளிச்சம் கூசுது, ஒரே கேள்வியை நாலு தடவ கேக்குறான்னா அது கன்கஷன், அதாவது மூளை குலுங்கிப் போறது, மயக்கம் போட்டாதான் கன்கஷன்னு இல்ல. அன்னைக்கு வண்டியில திரும்ப ஏறக்கூடாது, அது ஃபைனலா இருந்தாலும் சரி. வாந்தி நிக்காம வருது, தலைவலி ஏறிக்கிட்டே போகுது, கை கால் மரத்துப் போகுது, கழுத்து வலிக்குது, ஃபிட்ஸ் வருதுன்னா யோசிக்காம 108. கழுத்து வலின்னா ஆளை அசைக்காத, தூக்காத. மத்தபடி ஒண்ணு ரெண்டு நாள் ரெஸ்ட், அப்புறம் மெதுவா நடை, அப்புறம் உடம்பு வேர்க்கற பயிற்சி, இப்படி ஆறு படியா ஏத்துவாங்க, ஒவ்வொரு படிக்கும் குறைஞ்சது 24 மணி நேரம், மறுபடி விழ வாய்ப்பு இருக்கற படிக்குப் போறதுக்கு முன்னாடி டாக்டர் ஓகே சொல்லணும். முதல் அடி ஆறாம ரெண்டாவது அடி பட்டா மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், அபூர்வம்தான், ஆனா ஆகும். அடிபடுற ஒவ்வொரு தடவையும் கம்மி வேகத்துல விழுந்தே தலை சுத்தல் வருது, ஆறுறதுக்கு முன்னாடிய விட ரொம்ப நாள் எடுக்குது, படிப்புலயோ வேலையிலயோ மனசு நிக்கலைன்னா, தம்பி, ரேஸ் முடிஞ்சுது. நியூரோ டாக்டரைப் பாரு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். ஏன் விழுந்த? தைரியம் இருக்கறவன் ஓட்டணும், பயந்தவன் ஜகா வாங்கணும்னு நம்ம பசங்க நினைக்கறாங்க, என்னைக் கேட்டா விழுந்ததுக்கு காரணம் தெரிஞ்சவன் ஓட்டலாம், தெரியாதவன் நிறுத்தணும். ஒரு நோட்டு எடு. ஒவ்வொரு விழுகைக்கும் எழுது: பிராக்டிஸா ரேஸா, எத்தனாவது லேப், வளைவா டிராப்பா (திடீர்னு எறங்குற பள்ளம்) கல்லா, எந்தப் பக்கம் விழுந்த, முந்தின நைட் தூங்கினியா, டயர் என்ன பிரஷர், பிரேக் எப்படி இருந்துச்சு. கூட வந்தவன் செல்போன்ல வீடியோ எடுத்திருந்தா வாங்கிப் பாரு.

கொருக்குப்பேட்டை பையன் ஒருத்தன், எல்லாமே இடது பக்கம் விழுந்திருந்தான், "எனக்கு ராசி இல்லண்ணா"ன்னு சொல்லிட்டே இருந்தான். வீடியோவை மெதுவா ஓட்டிப் பாத்தா, முதல் தடவ இடது காலர்போன் உடைஞ்சதுல இருந்து அவனுக்கே தெரியாம அந்த முழங்கையை உடம்போட ஒட்டி வெச்சுக்கிட்டு ஓட்டுறான், இடது வளைவு வந்தா உடம்பு பின்னால போகுது, முன் டயர்ல வெயிட்டே இல்ல, டயர் வழுக்கிக்கிட்டுப் போகுது. இது ராசி இல்ல, பிசியோகிட்ட போயி தோளை சரி பண்ணி, மெதுவான வளைவுல முழங்கையை வெளிய வெச்சு திரும்பப் பழகினா தீர்ற விஷயம். இந்த மாதிரி காரணம் கிடைச்சா ரேஸை விட வேணாம், முதல்ல காரணத்தை சரி பண்ணு.

நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே இன்னும் சில காரணம் இருக்கு. நாம சமதரைப் பார்ட்டி, புழல் ஏரிக்கரை, செங்குன்றம், சோழவரம்னு ஓட்டி மூச்சும் காலும் ஏத்தி வெச்சிருக்கோம், கல்லு மேல வண்டி எறக்கறது மட்டும் ரேஸுக்குப் போனாதான். (சோழவரம் ஏர்ஸ்ட்ரிப்புல ஒரு காலத்துல மோட்டார் ரேஸ் நடந்துச்சு, பெருசுங்க கிட்ட கேளு, மணிக்கணக்கா பேசுவாங்க.) வெள்ளி நைட் பஸ், தூக்கம் இல்ல, சனி காலையில ஒரு பிராக்டிஸ் ரன், ஞாயிறு ரேஸ். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காலையில குளிர்ல விரல் விறைச்சு பிரேக் லீவர் பிடிக்கவே வராது, அதுல வேகமா எறங்குனா விழாம என்ன பண்ணுவ? ஒரு நாள் முன்னாடி போ, டிராக்கை நடந்து பாரு, பயமா இருக்கற இடத்துல நின்னு மத்தவன் எந்த லைன்ல போறான்னு பாரு, அதே இடத்தை மட்டும் நாலஞ்சு தடவ எறங்கிப் பழகு. அதுக்கு லீவும் காசும் இல்லன்னா, வருஷத்துல போற ரேஸைக் குறைச்சிக்கோ. நாலு ரேஸ் அரைகுறையா ஓட்டுறதுக்கு ஒரு ரேஸ் ஒழுங்கா ஓட்டு.

வண்டி காரணமா இருக்கறதும் நிறைய. தார் ரோட்டுக்காக 45 பிஎஸ்ஐ அடிச்ச டயரை அப்படியே கல்லுக் காட்டுல எறக்கறது, அது பந்து மாதிரி குதிக்கும், டியூப்லெஸ் டயர்ல 70 கிலோ ஆளுக்கு 22ல இருந்து 28க்குள்ள எங்கயாவது வரணும். டிஸ்க் பிரேக்கோட ரோட்டர் (சக்கரத்தோட சுத்துற தகடு) தேஞ்சு 1.5 மில்லிமீட்டருக்கு வந்துட்டா பெரும்பாலும் மாத்தற நேரம், ரோட்டர்லயே குறைஞ்சபட்சம் எவ்ளோன்னு பொறிச்சிருப்பான், பாரு. நம்ம பக்கம் உப்புக்காத்து வேற, ஃபோர்க்கும் போல்ட்டும் சீக்கிரம் துரு ஏறும். விழுந்த வண்டியில ஹேண்டில்பாரைக் கழட்டி ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோட சேர்க்கற துண்டு) பிடிக்கிற இடத்துல கீறல் இருக்கான்னு பாக்காம எவனுக்கும் வண்டி திருப்பித் தரமாட்டேன். கார்பன் பார்னா சந்தேகம் வந்தாலே தூக்கிப் போட்டுடு.

நோட்டு பூரா எழுதியும் காரணம் எதுவும் பிடிபடலைன்னா, இல்ல காரணம் "அந்த நேரத்துல என்னைக் கட்டுப்படுத்த முடியல"ன்னா, அதை நீயே புரிஞ்சிக்கோ.

உடம்பு ரெடியான்னு பாக்க ஜிம் எல்லாம் வேணாம். நிறைஞ்ச குடத்தை அடிபட்ட கையில தூக்கிக்கிட்டு ஹவுசிங் போர்டு மாடிப்படி ஏறு, நல்ல கையில தூக்கின மாதிரியே போறியா? தரையில கை ஊன்றி தண்டால் எடுக்கும்போது மணிக்கட்டு பாதியில சாயுதா? ஒத்தைக் கால்ல குதிச்சு நின்னா முட்டி உள்பக்கம் மடங்குதா? இதுல ஒண்ணு ஃபெயில் ஆனாலும் பிசியோ பாக்கட்டும், ரேஸ் காத்திருக்கட்டும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரிக்கு நடுவுல ரெண்டு கையாலயும் அவசர பிரேக் பிடிக்க முடியாதவன் மலையில என்னா பண்ணப் போறான்? மாத்திரை போட்டுக்கிட்டாதான் ஸ்டார்ட் லைன்ல நிக்க முடியும்னா நிக்காத. இன்னொண்ணு, இது தனியா இருக்கும்போது கேட்டுக்க: மழையால நாளைக்கு ரேஸ் கேன்சல்னு மெசேஜ் வந்தா உனக்கு முதல்ல வர்றது கடுப்பா, நிம்மதியா?

காசு பத்தி ஒருத்தனும் பேசறதில்ல. ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசியில எக்ஸ்கிளூஷன் 09னு ஒண்ணு இருக்கும், ஆபத்தான, அட்வென்ச்சர் விளையாட்டை புரொஃபஷனலா பண்ணி அடிபட்டா பணம் தரமாட்டோம்னு அர்த்தம். சும்மா ஆசைக்கு ஓட்டுற ஆளு இதுல வருவானா, பிரைஸ் மணி வாங்கினா என்ன ஆகும்னு கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கிக்கோ, ஏஜென்ட் வாயால சொல்றதை நம்பாத. மணலி பக்கம் கம்பெனியில இஎஸ்ஐ பிடிக்கிறாங்கன்னா, நாள் கணக்கு சரியா இருந்தா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் கிடைக்கும். டெலிவரி ஓட்டுறவன், வெல்டிங் அடிக்கிறவன், ஹார்பர்ல தினக்கூலி போறவனுக்கு கை நின்னா சோறு நின்னுது. மூணு மாசம் வீட்டு வாடகையும் சாப்பாடும் ஓடுற அளவு கையில இல்லன்னா அந்த சீசன் வேணாம்.

வீட்ல அம்மா "வேணாம்டா"ன்னு சொல்றது எல்லாருக்கும் தெரியும், அது எப்பவுமே சொல்றதுதான். நீ கேக்க வேண்டியது வேற: போன தடவ கட்டு போட்டப்ப உன்னைக் குளிப்பாட்டினது யாரு, சட்டை மாட்டிவிட்டது யாரு, வேலைக்கு லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னது யாரு? அவங்களை உக்கார வெச்சு, இன்னொரு தடவ ஆனா உங்களால முடியுமான்னு கேளு. பதில் வர்ற வரைக்கும் நடுவுல பேசாத.

"பிட்காக் ஓட்டலையா"ன்னு கேப்பானுங்க. உண்மைதான், இங்கிலாந்து சைக்கிள் வீரர் டாம் பிட்காக் 2021 மே மாசக் கடைசியில டிரெய்னிங்ல கார் மோதி காலர்போன் உடைஞ்சு, ஜூலை 26 டோக்கியோ ஒலிம்பிக் மவுன்டன் பைக் ரேஸ்ல தங்கம் வாங்கினார். ஆனா அவருக்கு உடனே ஆபரேஷன் பண்ண ஆளு, பிசியோ, டீம் சம்பளம் எல்லாம் இருந்துச்சு. டவுன்ஹில் (மலை மேல இருந்து கீழ எறங்கற ரேஸ்) வீராங்கனை ரேச்சல் ஆதர்டனைப் பாரு, 2019ல குதிகால் தசைநாண் அறுந்துச்சு, நடுவுல குழந்தை பெத்துக்கிட்டாங்க, 2023லதான் திரும்ப வந்து டவுன்ஹில் உலகக் கோப்பை ரேஸ்ல ஜெயிச்சாங்க. அவசரப்படாதவங்களோட கதையை நம்ம பசங்க ஸ்டேட்டஸ்ல வெக்கறதே இல்ல.

ஓட்டுறது, விடுறது ரெண்டுக்கும் நடுவுலயும் வழி இருக்கு. டவுன்ஹில்ல இருந்து, ஏத்தமும் எறக்கமுமா சுத்தி ஓட்டுற கிராஸ் கன்ட்ரிக்கு மாறு, வேகம் கம்மி, மூச்சுக்கு வேலை அதிகம், சமதரைக்காரனுக்கு அதுதான் பொருந்தும், 1996லேருந்து ஒலிம்பிக்ல இருக்கறதும் அதுதான். ஆனா இப்ப கிராஸ் கன்ட்ரி டிராக்லயும் டிராப், கல்லு எல்லாம் வெக்கறாங்க, அதைச் சுத்திப் போற ஈஸியான வழி (பி லைன்) இருக்கான்னு முன்னாடியே கேளு. எம்டிபி மாரத்தான் (நீண்ட தூர சைக்கிள் ரேஸ்) ஓட்டலாம். பொடிசுங்களுக்கு சொல்லிக் குடுக்கலாம். ரேஸ் அதிகாரி ஆகலாம், 2023 அக்டோபர்ல ஆசிய எம்டிபி சாம்பியன்ஷிப் கேரளா பொன்முடியிலயே நடந்துச்சு, அந்த மாதிரி பெரிய ரேஸ் நம்ம பக்கத்துக்கு வந்தா டிராக் தெரிஞ்ச ஆளு தேவை.

ஓட்டறதுன்னு முடிவு பண்ணா, எது நடந்தா நிறுத்துவேன்னு இப்பவே பேப்பர்ல எழுது. மறுபடி தலையில அடி, தோள் மறுபடி கழண்டா, இப்படி தெளிவா. அதை உன்னைப் பாத்து பயப்படாத ஒரு ஃப்ரெண்டுகிட்ட குடு, ரேஸுக்கு அவனும் வரட்டும், அவன் நம்பர் பிளேட்டைக் கழட்டினா நீ எதிர்த்துப் பேசக்கூடாது.

விடறதுன்னா வண்டிய விக்கலாம், பேட், ஷூ எல்லாம் ஜூனியர் பசங்களுக்குக் குடுக்கலாம். ஒரு தடவ அடி வாங்கின ஹெல்மெட்டை மட்டும் விக்காத, சும்மாவும் குடுக்காத, உள்ள இருக்கற ஃபோம் நசுங்கினா நசுங்கினதுதான், வெளிய பாக்க புதுசு மாதிரியே இருக்கும். பட்டையை கத்தியால அறுத்து, ஹெல்மெட்டை ரெண்டா உடைச்சுட்டுப் போடு, இல்லன்னா காயலான் கடையில இருந்து எவனாவது பொடியன் எடுத்து மாட்டிக்குவான்.