காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு வரும் பிடிஎஃப்: வாசிக்கக் கொடுக்கும் முன் எதைச் சரிபார்ப்பது?

குறள், பொன்மொழி, பொது அறிவு, இன்றைய செய்திகள் எல்லாம் சேர்ந்த ஒரு பிடிஎஃப் முந்தைய நாள் மாலையே ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்துவிடுகிறது. எங்கிருந்து எடுத்தார்கள் என்ற குறிப்பு பெரும்பாலும் இருக்காது. நாலு குழுவிலும் வந்திருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். நாலும் ஒரே கோப்பின் நகல்தான். வரிக்கு வரி பார்க்க யாருக்கும் நேரமில்லை. தவறு எங்கே புகும் என்று தெரிந்தால் பத்து நிமிடம் போதும்.

குறளில் பிழை பெரும்பாலும் எண்ணில்தான். கடைசி இலக்கத்தை நீக்கி ஒன்று கூட்டினால் அதிகார எண் வரும்: 396 என்றால் 39+1, அதாவது 40, கல்வி. பூஜ்யத்தில் முடிந்தால் கூட்ட வேண்டாம். 400-ம் கல்வி அதிகாரமே. 380 வரை அறத்துப்பால், 1080 வரை பொருட்பால். முதலடியில் நான்கு சீர், அடுத்ததில் மூன்று சீர் வரவில்லையா? சொல் விடுபட்டிருக்கும், அல்லது பொருள் விளங்கப் பிரித்துப் போட்டிருப்பார்கள். பாடநூலோடு ஒப்பிடுங்கள்.

பொது அறிவில் பழைய எண்கள் அப்படியே கிடக்கும். தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று இன்னும் வருகிறது. 2019-ல் ஐந்தும் 2020-ல் மயிலாடுதுறையும் சேர்ந்து 38 ஆகிவிட்டன. யூனியன் பிரதேசங்கள் 2020 ஜனவரி 26 முதல் எட்டு. மாறக்கூடிய எண் எதுவானாலும் ஆண்டோடு சேர்த்தே வாசிக்கச் சொல்லுங்கள்: "2011 கணக்கெடுப்பின்படி" என்று. இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்பதும் அடிக்கடி வரும். எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று 2012-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வந்த கேள்விக்கு விளையாட்டுத் துறை அமைச்சகமே பதில் தந்திருக்கிறது.

அதிகம் ஏமாற்றுவது "முதல்" என்ற சொல். அதைப் பார்த்ததும் மூன்று கேள்வி: எந்த ஆண்டு, எந்த எல்லைக்குள், எதில் முதல்? ஜூலை 30 வந்தால் முத்துலட்சுமி ரெட்டியை "இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்" என்று எழுதிவிடுகிறார்கள். அவர் பிறந்தது 1886-ல். அதே ஆண்டில் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றுவிட்டார். ஆண்டைப் பக்கத்தில் வைத்ததும் கூற்று தானே விழுகிறது. முத்துலட்சுமி பட்டம் பெற்றது 1912-ல். சென்னை மாகாண சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண் அவர் என்பதே சரியான பெருமை. அதை விட்டுவிட்டு இல்லாத பட்டத்தை ஏன் சூட்ட வேண்டும்?

அடுத்து தினங்கள். ஐநா, யுனெஸ்கோ, நாசா என்று பெயர் வந்தால் தேட வேண்டிய இடம் அந்த அமைப்பின் தளம் மட்டுமே. அக்டோபர் 15-ஐ உலக மாணவர் தினமாக ஐநா அறிவித்தது என்று ஆண்டுதோறும் வாசிக்கிறோம். ஐநா தன் தளத்தில் வைத்திருக்கும் சர்வதேச தினங்களின் பட்டியலில் அந்தத் தேதிக்கு இருப்பது கிராமப்புறப் பெண்கள் தினம். அப்துல் கலாம் பிறந்தநாளைச் சொல்ல ஐநா தேவையில்லை. தமிழக அரசு 2015-ல் அதை இளைஞர் எழுச்சி நாளாக அறிவித்ததே போதும். நம் தேசிய கீதத்தை உலகின் சிறந்த கீதமாக யுனெஸ்கோ தேர்ந்தெடுத்தது என்பதும் இதே ரகக் கட்டுக்கதை.

பொன்மொழிக்கு ஒரே சோதனை: எந்த நூல், எந்த உரை, எந்த ஆண்டு? மீனை மரம் ஏறச் சொல்லும் வாசகத்தை ஐன்ஸ்டீன் சொன்னதற்குச் சான்றில்லை. தமிழில் தேடினால் படங்கள்தான் வந்து விழும். ஆங்கில மூல வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள், விக்கிமேற்கோளின் ஆங்கிலப் பக்கத்தையும் பாருங்கள். ஒருவர் பெயரில் தவறாக உலவும் வரிகளுக்கு அங்கே பல பக்கங்களில் தனிப் பகுதி உண்டு. மூலம் கிடைக்காவிட்டால், கருத்து நல்லதாக இருந்தால், பெயரை நீக்கிவிட்டு வாசிக்கலாம்.

செய்திகளுக்கு பிடிஎஃப்பே வேண்டாம். பள்ளிக்கு வரும் நாளிதழிலிருந்து மாணவரே எடுக்கட்டும்.

தவறு ஏற்கெனவே வாசிக்கப்பட்டுவிட்டதா? மறுநாள் திருத்தத்தை ஆசிரியரே வாசிக்க வேண்டும். வாசித்த பிள்ளைமேல் பழி விழக்கூடாது. கோப்பு வந்த குழுவிலும் திருத்தத்தைப் போட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே தேதியில் அதே வரி மறுபடி வரும்.